உங்களுக்குத் தெரியுமா? கிட்டாரை ஓரம் வைத்த ராக் குழு

இங்கிலாந்தின் அபிங்டன் பள்ளியில் படித்த ஐந்து பேர் 1985இல் ஒரு இசைக்குழு தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமைதான் ஒத்திகை என்பதால், பெயரும் 'ஆன் எ ஃப்ரைடே'. 1991இல் இஎம்ஐ இசைப்பதிவு நிறுவனத்துடன் ஒப்பந்தமானதும் அது 'ரேடியோஹெட்' ஆனது.

மறு ஆண்டு வந்த 'க்ரீப்' பாடல் அவர்களை உலகறியச் செய்தது. அதில் கோரஸுக்கு முன் குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி கிரீன்வுட்டின் கிட்டார் 'கிர்ரக்' என்று இரைவதைக் கவனித்துக் கேளுங்கள், சிலிர்க்கும். 1997இல் 'ஓகே கம்ப்யூட்டர்' வந்தபோது கிட்டார் ராக்கின் சிகரம் என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள்.

அந்தச் சிகரத்திலிருந்துதான் பாதையை மாற்றினார்கள். 2000இல் வெளியான 'கிட் ஏ' ஆல்பத்தில் கிட்டார் பின்னுக்குப் போனது. சிந்தசைசர், டிரம் மெஷின், ஜாஸ் பாணி ஊதுகருவிகள், பிரான்ஸில் 1928இல் அறிமுகமான ஓன்ட் மார்தெனோ என்ற மின்னிசைக் கருவி எல்லாம் முன்னே வந்தன. பழைய ரசிகர்கள் பலர் திகைத்தார்கள். விளம்பரத்துக்கென்று ஒரு தனிப்பாடல்கூட வெளியிடவில்லை. இருந்தும் அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம். ராக் இசையில் இத்தனை துணிச்சலான திருப்பம் மிக அரிது.

2007இல் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தைத் தங்கள் இணையதளத்திலேயே வெளியிட்டு, விலையைக் கேட்பவர்களிடமே விட்டார்கள். காசே தராமலும் அப்போது பதிவிறக்க முடிந்தது.

ஜானி கிரீன்வுட்டின் தேடல் இந்தியாவுக்கும் வந்தது. இசையமைப்பாளர் ஷாய் பென் சூருடனும் ராஜஸ்தானி இசைக்கலைஞர்களுடனும் சேர்ந்து அவர் உருவாக்கிய 'ஜுனூன்' (2015) ஆல்பம், ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டைக்குள் பதிவானது.