மூன்று மாதம் பிந்தி உதிரும் முடி

பீலியில் தலைக்குக் குளிக்கையில் முடி கொத்தாகக் கையோடு வந்தால், ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் முதலில் பழி விழுவது தண்ணீர்மேல். அடுத்தது ஷாம்புமேல். ஆனால் காரணம் பெரும்பாலும் இந்த வாரத்தில் இருப்பதில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் இருக்கும்.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு இலட்சம் முடி. நூற்றுக்கு 85 முதல் 90 வரை வளர்ந்துகொண்டிருக்கும். மீதியில் பெரும்பங்கு ஓய்வில் கிடக்கும். சுமார் மூன்று மாத ஓய்வுக்குப் பின் பழைய முடி விழ, அதே குழியில் புதியது முளைக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு.

வீட்டில் ஒரு சாவு, மண்சரிவுக்குப் பயந்து லயத்தை விட்டு ஓடிய இரவுகள், கடுங்காய்ச்சல், பிரசவம் என மனமோ உடலோ பலமாக அடிபட்டால், வளரும் முடிகளில் பல ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சேர்ந்து உதிரும். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961இல் இதை 'டெலோஜன் எஃப்லூவியம்' என்று விவரித்தார்.

மன அழுத்தம் முடியின் ஓய்வை நீட்டுவதன் உள்வேலையை 2021இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எலிகளில் கண்டார்கள். மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன், முடிக்குழியின் அடியிலுள்ள உயிரணுக்கள் 'காஸ்6' என்ற புரதத்தைச் சுரக்கவிடாமல் தடுக்கிறது. அது கிடைக்காத மூல உயிரணுக்கள் விழிப்பதில்லை, ஓய்வு நீள்கிறது.

விழுந்த முடியின் அடியில் சின்ன வெள்ளை முண்டு தெரியும். "வேரோடயே வந்துருச்சு" என்று பதறுவார்கள். அது முடியின் அடிநுனிதான். முடிக்குழி தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. கவ்வாத்து வெட்டிய தேயிலை மொட்டையாக நின்றாலும் தூரிலிருந்து துளிர்ப்பதுபோல, பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் உதிர்வு அடங்கி முடி திரும்ப வளரும்.

ஆனால் கவலை ஓயாவிட்டால் உதிர்வும் நீளலாம். கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுமோ என்ற பயம் ஒரு நாளோடு போவதில்லை. இரத்தச்சோகை சேர்ந்தால் இன்னும் மோசம். இரும்புச்சத்துக் குறைவும் முடியை உதிர்க்கும். ரொட்டியோடு குடிக்கும் சாயத்தண்ணி அந்தச் சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது.

வட்ட வட்டமாகக் கொட்டினால் அது புழுவெட்டாக இருக்கலாம். அதற்கும், ஆறு மாதம் தாண்டியும் நிற்காத உதிர்வுக்கும் வைத்தியரிடம் போக வேண்டும். போனால் என்ன எண்ணெய் தேய்த்தோம் என்பதோடு நிறுத்தாமல், மூன்று மாதத்துக்கு முன் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.