யோபுவுக்குக் கிடைக்காத பதில்

மறையூரில் நின்று துன்பத்தைப் பற்றிப் பேச வருபவருக்கு உவமைக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் வனத்துறை காவல் காக்கும் சந்தனக் காடு. இன்னொரு பக்கம் கரும்புத் தோட்டம், நடுவில் ஆலை, கொப்பரையில் கொதிக்கும் பாகு, சூடு ஆறுவதற்குள் கையால் பிடித்து வைக்கும் வெல்ல உருண்டை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லம் அது. அரைத்தால்தான் சந்தனம் மணக்கும், பிழிந்தால்தான் கரும்பு இனிக்கும் என்று ஆரம்பித்தால் அரை மணி நேரப் பிரசங்கம் தயார்.

ஒரே ஒரு சிக்கல். கரும்புக்கு வலிக்காது.

மறையூரிலிருந்து மூணாறு போகும் சாலையில், ராஜமலைப் பிரிவில் திரும்பி உள்ளே போனால் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, கொட்டும் மழையில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மேல் விழுந்தது. இறந்தவர்கள் 70 பேர். அவர்களில் நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. பலருக்குத் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம்தான் பூர்வீகம். கரண்ட் இல்லை, போன் வேலை செய்யவில்லை. இப்படி ஒன்று நடந்திருக்கிறது என்பதே விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. மண்ணைத் தோண்டி எடுத்த உடல்களை ராஜமலையிலேயே வரிசையாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். அந்த மண்மேடுகளுக்கு முன்னால் போய் நின்று சந்தனத்தையும் கரும்பையும் எடுத்துச் சொல்ல யாருக்கு நா எழும்?

இந்த மலைகளில் கிறிஸ்தவம் சாவோடு சேர்ந்தே வேர்பிடித்தது. மூணாறு சி.எஸ்.ஐ. தேவாலயம் 1910-ல் அடிக்கல் நாட்டிக் கட்டப்பட்டது. ஆனால் அதன் மேலே குன்றில் இருக்கும் கல்லறைத் தோட்டம் அதற்கும் மூத்தது. கணவரோடு இங்கே வந்து, 1894-ல் காலராவில் இறந்துபோன எலியனோர் இசபெல் மே என்ற இளம் ஆங்கிலப் பெண்ணைத்தான் முதலில் அங்கே அடக்கம் செய்தார்கள். அதே காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் கங்காணிகள் கூட்டிவந்த தமிழர்கள் குளிரிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் பொறித்த கல் கிடைத்திருக்கும் என்பது வேறு கதை. பிறகு தோட்டத்துக்குத் தோட்டம் கோயில் வந்தது, சப்பரம் வந்தது, தவக்காலத்தில் சிலுவைப்பாதை வந்தது. பதினான்கு நிலைகளிலும் நின்று முழங்காலிட்டு, ஒரு மனிதன் அடிபடுவதையும் விழுவதையும் தாயைப் பார்ப்பதையும் சாவதையும் வரிசையாக நினைத்துப் பார்க்கும் வழிபாடு அது.

அடிபட்டுச் செத்த ஒருவரைக் கடவுள் என்று கும்பிடுகிற சமயத்திடம் ‘ஏன் எனக்கு இப்படி?’ என்று கேட்டால் தெளிவான பதில் இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். பைபிளில் அந்தக் கேள்விக்கென்றே ஒரு முழுப் புத்தகம் இருக்கிறது: யோபுவின் கதை. நல்ல மனிதர் யோபு ஒரே நாளில் ஆடுமாடுகளை, வேலையாட்களை, பத்துப் பிள்ளைகளை இழக்கிறார். பிறகு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை புண். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் துக்கம் கேட்க வருகிறார்கள். ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் அவர்களுக்கு நல்ல பேர் கிடைத்திருக்கும். எட்டாம் நாளிலிருந்து விளக்கம் சொல்லத் தொடங்குகிறார்கள். நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், கடவுள் காரணமில்லாமல் அடிக்க மாட்டார் என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். கடைசியில் கடவுளே வந்து கோபம்கொள்வது இந்த மூவர் மேல்தான். கத்திக் கதறி நியாயம் கேட்ட யோபு மேல் அல்ல.

யோபு இழந்த சொத்து திரும்பக் கிடைக்கிறது. காரணம் மட்டும் அவருக்குச் சொல்லப்படுவதே இல்லை. பரலோகத்தில் சாத்தான் விட்ட சவால் வாசகருக்குத் தெரியும், யோபுவுக்குத் தெரியாது.

இந்தக் கதை தமிழ் மண்ணில் ஒருவரின் தலையெழுத்தையே மாற்றியது. நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் அதிகாரி. ஒரு கட்டத்தில் மாடுகள் சாவதும் விளைச்சல் பொய்ப்பதுமாக வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம். மனம் உடைந்திருந்தவருக்கு டச்சுத் தளபதி டி லனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்கிறது திருச்சபை மரபு. டி லனாயும் தோற்றுப் பார்த்தவர்தான். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, எந்த மன்னரை எதிர்த்துப் போரிட வந்தாரோ அவருடைய படைக்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். 1745-ல் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

அதன் பிறகு மாடு பெருகியது, பயிர் செழித்தது என்று கதை போகவில்லை. 1749-ல் கைது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்புறம் பார்க்க உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். சவுக்கடி பட்ட காயத்தில் மிளகாய்த்தூள் பூசினார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். தண்டனைக்கு மதமாற்றம்தான் காரணமா, அரண்மனை அரசியலா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எப்படியிருந்தாலும், யோபுவின் கதை அவருடைய கஷ்டத்தைக் குறைக்கவில்லை, பல மடங்கு கூட்டியது. தாங்கும் தெம்பையும் அதுவே கொடுத்தது என்று நம்புகிற திருச்சபை, 2022 மே 15-ல் வத்திக்கானில் அவரைப் புனிதராக அறிவித்தது.

கேரளக் கத்தோலிக்கர்களிடம் துன்பத்தைப் பற்றிக் கேட்டால் அல்போன்சாம்மாவின் பெயரைச் சொல்வார்கள். மறையூரும் மூணாறும் இருக்கும் இடுக்கிக்குப் பக்கத்து மாவட்டமான கோட்டயத்தில் 1910-ல் பிறந்தவர். கன்னியாஸ்திரி ஆவதற்காகக் கல்யாணப் பேச்சிலிருந்து தப்ப நினைத்து, உமி எரியும் குழியில் காலை வைத்துப் பாதங்கள் வெந்துபோனவர். மடத்தில் சேர்ந்த பிறகும் நோய் விடவில்லை. 1946-ல் 35 வயதில் பரணங்கானத்தில் இறந்தார். பெரிய காரியம் எதையும் நடத்திக் காட்டாத வாழ்க்கை. நோயையே காணிக்கையாக ‘ஒப்புக்கொடுத்தார்’ என்பதுதான் அவருடைய பெருமை. 2008-ல் புனிதர் பட்டம் பெற்றார். இந்தியப் பெண்களில் முதல்வர் அவர்தான். தோட்டத்துக் கோயில்களிலும் ‘ஒப்புக்கொடும்மா’ என்ற அந்தச் சொல் புழங்கும். படுக்கையில் கிடப்பவரின் வலி வீணாகிவிடவில்லை என்று அது சொல்கிறது. வேறு யாரும் எதுவும் செய்ய முடியாத இடத்தில் அது பெரிய ஆறுதல்தான்.

செய்ய முடிகிற இடத்தில் அதே சொல் வாய்ப்பூட்டாக மாறிவிடும். இதையும் சொல்லியாக வேண்டும். லயத்தின் ஒற்றை அறையில் மூன்று தலைமுறை படுத்துத் தூங்குவது தேவ சித்தம் அல்ல. 2015 செப்டம்பரில் மூணாறில் 20 சதவீதமாக இருந்த போனஸை 10 சதவீதமாகக் குறைத்தபோது, கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். நிர்வாகத்தை மட்டுமல்ல, ஆண்கள் கையில் இருந்த தொழிற்சங்கங்களையும் கிட்டே சேர்க்கவில்லை. ‘பெண்பிளை ஒருமை’ என்று நாடே பேசிய போராட்டம் அது. 20 சதவீதம் திரும்பக் கிடைத்தது. 232 ரூபாய் தினக்கூலி பின்னர் 301 ஆனது. அந்தப் பெண்களில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்களும் உண்டு, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்களும் உண்டு. கூலியைச் சிலுவை என்று ஒப்புக்கொடுக்க யாரும் தயாராக இல்லை. அதுதான் சரி.

விளக்கம் சொல்வதில் கெட்டிக்காரர்கள்கூடத் தங்கள் முறை வரும்போது திணறியிருக்கிறார்கள். கடவுள் ஏன் வலியை அனுமதிக்கிறார் என்று 1940-ல் புத்தகமே எழுதியவர் ஆங்கில எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ். 1960-ல் அவருடைய மனைவி ஜாய் புற்றுநோயில் இறந்தார். அப்போது எழுதிய குறிப்புகளில் பழைய தர்க்கம் எதுவும் கைகொடுக்கவில்லை. கோபமும் சந்தேகமும் கொட்டிக் கிடந்த அந்தப் புத்தகத்தை மறுவருடம் புனைபெயரில் வெளியிட்டார். ஆசிரியர் யாரென்று தெரியாமல் நண்பர்கள் ஆறுதலுக்காக அதை அவருக்கே பரிசளித்தார்கள்.

அதே கேள்விக்கு வேலூரில் இரண்டு மருத்துவர்கள் வேறு கோணத்திலிருந்து வந்தார்கள். வந்தார்கள் என்பதுகூடச் சரியில்லை, மாட்டிக்கொண்டார்கள்.

முதலாமவர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவனாக இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1929-ல் அப்பா ஜெஸ்ஸி மலையில் காய்ச்சலில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிக் கப்பலில் அனுப்பிய கடிதம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. அம்மா ஈவ்லின் மலையைக் கைவிடவில்லை. 1974-ல் 95 வயதில் சாகும்வரை தமிழ்நாட்டிலேயே ஊழியம் செய்தார்.

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளைப் பார்த்தார். மடங்கிய விரல்கள், குட்டையான விரல்கள், விரலே இல்லாத கைகள். நோய் சதையை அழுகச் செய்து விரலைத் தின்கிறது என்றே அப்போது நினைத்திருந்தார்கள். பிராண்ட் ஒவ்வொரு காயமாகத் துப்பறிந்தார். நோயாளி ஒருவர் அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியிருப்பார். இன்னொருவர் துருப்பிடித்த பூட்டில் சாவியைத் தோல் கிழியும்வரை திருகியிருப்பார். இராத்திரி படுக்கும்போது இருந்த விரல்நுனி காலையில் இல்லாமல் போன சில வழக்குகளில் குற்றவாளி எலி. உணர்ச்சி இல்லாததால் கடிபட்டவர் விழிக்கவே இல்லை. வீட்டுக்குப் போகும் நோயாளிகளோடு ஒரு பூனையையும் அனுப்பிவைத்தார்கள். நோய் கொன்றது நரம்பை, வலியை. விரல் போனது வலி இல்லாததால். இதைக் கண்டுபிடித்த பிறகு பிராண்ட் வாழ்நாள் முழுவதும் ஒரு விசித்திரமான பிரசங்கம் செய்தார்: வலி ஒரு வரம், வேண்டாம் என்று எல்லோரும் திருப்பிக் கொடுக்க நினைக்கும் வரம். ஒருமுறை லண்டனில், இரவு சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. தனக்கும் நோய் தொற்றிவிட்டது என்று விடிய விடியத் தூக்கமில்லை. காலையில் ஊசியால் குத்திப் பார்த்தார். சுரீரென்று வலித்தது. அந்த வலிக்கு அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் செயற்கையாக ஒரு வலிக் கருவி செய்து கொடுக்கப் பல வருடம் முயன்றார். கையில் அழுத்தம் கூடினால் எச்சரிக்கும். நோயாளிகள் அதை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். மனிதன் விரும்பி வலியை வைத்துக்கொள்ள மாட்டான் என்பது உறுதியானது. முயற்சி கைவிடப்பட்டது.

ஆனால் இந்த வரம் எல்லா வலிக்கும் பொருந்தாது. எச்சரிக்கிற வலிக்கு அர்த்தம் சொல்லலாம். எதையும் எச்சரிக்காமல் வந்து இடுப்புக்குக் கீழே உயிரைப் பறித்துக்கொண்டு போகும் விபத்துக்கு என்ன அர்த்தம்?

மேரி வர்கீஸ் கொச்சிப் பக்கம் செறாயியில் 1925-ல் பிறந்தவர். சி.எம்.சி.யில் படித்து, பெண்கள் மருத்துவத்தில் இறங்க நினைத்திருந்த இளம் டாக்டர். 1954 ஜனவரி 30 அன்று நண்பர்களோடு போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் வெட்டு, முதுகெலும்பில் முறிவு. கால்கள் இனி இல்லை. ஜெபித்தால் நடப்பாய் என்று சொன்னவர்கள் உண்டு. அவரும் ஜெபித்தார். கால்கள் அசையவில்லை.

பிராண்ட் அவருக்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை, ஒரு வேலையைக் காட்டினார். தொழுநோய்க் கையில் தசைநாரை இடம் மாற்றித் தைக்கும் அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியேதான் செய்வார்கள். கால் தேவையில்லை, கை போதும். மேரியின் கைகள் நன்றாக இருந்தன. நிமிர்ந்து உட்காருவதற்கே முதுகில் அறுவை செய்துகொள்ள வேண்டியிருந்தது. செய்துகொண்டார். சக்கர நாற்காலியில் அறுவை அரங்குக்கு வந்தார். தங்கள் கை விரலுக்காக நொந்துகொண்டிருந்த நோயாளிகள், தங்களைவிட மோசமாக முடங்கிய ஒரு டாக்டரம்மா நாற்காலியை உருட்டிக்கொண்டு வார்டுக்குள் வருவதைப் பார்த்தார்கள். பிரசங்கம் தேவைப்படவில்லை.

அங்கேயும் அவர் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்கும் நியூயார்க்குக்கும் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து, 1963-ல் திரும்பி, வேலூரில் அந்தத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் இறந்தார். மரத்திலிருந்தும் கிணற்றிலும் விழுந்து முதுகு ஒடிந்தவர்கள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் வீட்டுக்குப் போய்ப் படுக்கைப்புண்ணிலும் சிறுநீரகத் தொற்றிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். மையத்துக்கு வந்தவர்களுக்கு, குறித்த நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுப்பது, கட்டிலிலிருந்து தானே நாற்காலிக்கு மாறுவது, உணர்ச்சியில்லாத தோலை நாள்தோறும் கண்ணால் பார்த்துச் சோதிப்பது, ஊருக்குப் போனால் என்ன தொழில் செய்வது என்று சொல்லிக்கொடுத்தார்கள். ‘ஏன் எனக்கு?’ என்று அங்கே வந்தவர்கள் கேட்டிருப்பார்கள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த டாக்டரிடமும் அதற்குப் பதில் இல்லை. தூக்கிவிடாமல் தானாக எழுந்து உட்காருவது எப்படி என்பதை அவர் செய்து காட்டினார்.