பல்பணித் தற்காப்பு வீரர் காயமடைந்தால்: அரிசோனா கார்டினல்ஸ் அணியின் 2015 அனுபவம்

தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தில், தற்காப்பின் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நின்று ஆடும் திறன் பெற்றவரைப் பல்பணித் தற்காப்பு வீரர் எனலாம். இத்தகைய ஒருவர் காயமடைந்து வெளியேறும்போது, அவர் இடத்தில் இன்னொருவரை நிறுத்தினால் மட்டும் குறை தீர்வதில்லை. அவர் செய்துவந்த வேலைகளைத் தனித்தனியே பிரித்து, பலரிடம் ஒப்படைக்க வேண்டியுள்ளது. அவ்வாறு பிரிக்கும்போது வேலைகள் நடக்கும். ஆனால் அவை ஒரே ஆளிடம் இருந்ததால் கிடைத்த நன்மை போய்விடும். 2015 டிசம்பரில் அரிசோனா கார்டினல்ஸ் அணி டைரன் மாத்யூவை இழந்த நிகழ்வு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாகும்.

ஆட்டத்தின் அமைப்பு

அமெரிக்கக் கால்பந்து நாம் பொதுவாகக் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்திலிருந்து வேறுபட்டது. இதில் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிந்து பிடிப்பதுமே முதன்மையானவை. ஒவ்வோர் அணியிலும் ஒரு நேரத்தில் 11 பேர் களத்தில் இருப்பர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அதற்குள் அது 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போகும். ஒரு யார்டு என்பது சுமார் 0.91 மீட்டர்.

தாக்கும் அணியை இயக்குபவர் குவாட்டர்பேக். இவர் பந்தை எறிய, ரிசீவர்கள் ஓடிச் சென்று பிடிப்பர். தற்காக்கும் அணி பொதுவாக மூன்று அடுக்குகளாக நிற்கும். முன்வரிசையினர் நேருக்கு நேர் மோதுபவர்கள். அவர்களுக்குப் பின்னால் லைன்பேக்கர்கள் நிற்பர். கடைசி அடுக்கில் கார்னர்பேக்குகளும் சேப்டிகளும் இருப்பர். கார்னர்பேக் ஒரு ரிசீவரை ஒட்டி ஓடிக் காவல் காப்பவர். சேப்டி பின்னால் நின்று, தப்பி வருவதைத் தடுப்பவர்.

நிக்கல், டைம் அமைப்புகள்

வழக்கமாகக் கடைசி அடுக்கில் நால்வர் இருப்பர். எதிரணி மூன்று ரிசீவர்களை இறக்கினால், ஒரு லைன்பேக்கரை வெளியே அனுப்பி ஐந்தாவதாக ஒருவரைச் சேர்ப்பர். இதற்கு நிக்கல் என்று பெயர். அமெரிக்காவின் 5 சென்ட் நாணயத்தின் பெயர் அது. ஆறு பேரை நிறுத்தினால், 10 சென்ட் நாணயத்தின் பெயரால் அது டைம் எனப்படும்.

ஐந்தாவதாக வருபவரின் வேலை கடினமானது. அவர் காக்க வேண்டிய ரிசீவர் களத்தின் ஓரத்தில் நிற்காமல் உள்பக்கமாக நிற்பார். ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு பக்கம் எல்லைக்கோடு இருப்பதால் அவர் ஓடும் திசை குறுகும். உள்பக்கத்தில் நிற்பவரோ இடமும் வலமும் ஓட முடியும். மேலும், பந்தை ஏந்தி ஓடும் ஆட்டம் நடக்கும் இடத்துக்கு இவர் அருகில் இருப்பதால், தம்மைவிட உடல் பெருத்தவர்களையும் மடக்க வேண்டிவரும். ஆகவே இந்த இடத்துக்குக் கார்னர்பேக்கின் வேகமும் லைன்பேக்கரின் துணிவும் ஒருங்கே வேண்டும்.

டைரன் மாத்யூ

நியூ ஆர்லியன்ஸில் பிறந்த மாத்யூ, லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். 2013இல் வீரர் தேர்வின் மூன்றாம் சுற்றில் 69ஆவது ஆளாகக் கார்டினல்ஸ் அவரை எடுத்தது. உயரம் சுமார் 175 செ.மீ.; இந்த ஆட்டத்தில் அது குறைந்த உயரமே. முதல் ஆண்டின் டிசம்பரிலேயே இடது முழங்கால் தசைநார்கள் கிழிந்து, நீண்ட சிகிச்சைக்குப் பின் திரும்பினார்.

2015இல் அவர் முழு வலிமையுடன் ஆடினார். வழக்கமான அமைப்பில் சேப்டியாக நிற்பார். எதிரணி மூன்று ரிசீவர்களை இறக்கினால் உள்பக்கக் காவலுக்கு நகர்வார். சில வேளைகளில் திடீரென முன்னே பாய்ந்து குவாட்டர்பேக்கையே தாக்குவார். இதற்குப் பிளிட்ஸ் என்று பெயர். ஓடிவரும் ஆளை மடக்குவதிலும் அவர் தேர்ந்தவர். அந்தப் பருவத்தில் எதிரணி எறிந்த பந்துகளில் ஐந்தை இடைமறித்துப் பிடித்தார். நாட்டின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-புரோ முதல் அணியிலும் அந்த ஆண்டு இடம்பெற்றார்.

காயம்

2015 டிசம்பர் 20 அன்று பிலடெல்பியாவில் ஈகிள்ஸ் அணியுடன் ஆட்டம். கார்டினல்ஸ் 40-17 என வென்று தன் பிரிவின் முதலிடத்தை உறுதி செய்தது. அதே ஆட்டத்தின் இறுதிப் பகுதியில், எதிரணி எறிந்த பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியபோது மாத்யூவின் வலது முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழிந்தது. இந்தக் காயத்துக்கு அறுவைச் சிகிச்சையும் பல மாத ஓய்வும் தேவை. அந்தப் பருவம் அவருக்கு முடிந்துவிட்டது. அணிக்கோ வழக்கமான ஆட்டங்கள் இரண்டும், அதன்பின் சாம்பியன் பட்டத்துக்கான வெளியேற்றச் சுற்றுகளும் மிச்சமிருந்தன.

டிசம்பரில் ஆள் தேடுவதில் உள்ள தடைகள்

காயம் எந்த மாதத்தில் நேர்கிறது என்பது முக்கியமானது. பருவத்தின் தொடக்கமாக இருந்தால் வேறொரு அணியிடமிருந்து வீரரைப் பெறலாம். 2015இல் அந்தப் பரிமாற்றத்துக்கான கெடு நவம்பர் தொடக்கத்திலேயே முடிந்திருந்தது. அதன்பின் மூன்று வழிகளே உண்டு: அணியில் ஏற்கெனவே உள்ள மாற்று வீரர்கள், பயிற்சிக் குழுவில் உள்ளவர்கள், எந்த அணியிலும் இல்லாமல் வெளியே இருப்பவர்கள்.

அணியின் பட்டியலில் 53 பேர் இருக்கலாம். அவர்களில் ஆட்ட நாளில் களமிறங்கும் தகுதி அன்றைய விதிப்படி 46 பேருக்கே இருந்தது. எனவே ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி மாற்று வீரரை வைத்துக்கொள்ள முடியாது. பயிற்சிக்கும் வரம்பு உண்டு. முழுப் பாதுகாப்பு உடைகளுடன் மோதிப் பழகும் பயிற்சி ஒரு பருவத்துக்கு 14 முறைதான். அவற்றில் 11ஐ முதல் 11 வாரங்களுக்குள் முடித்துவிட வேண்டும். புதிதாக வருபவர் டிசம்பரில் அணியின் சைகைகளையும் நகர்வுகளையும் பெரும்பாலும் படித்தும் பார்த்துமே கற்க வேண்டியிருக்கும்.

வேலையைப் பங்கிட்ட விதம்

தலைமைப் பயிற்றுநர் புரூஸ் ஏரியன்ஸும் தற்காப்புப் பயிற்றுநர் ஜேம்ஸ் பெட்சரும் இன்னொரு மாத்யூவைத் தேடவில்லை; வேலையைப் பிரித்தனர். கார்னர்பேக்கான ஜெராட் பவர்ஸ் உள்பக்கக் காவலுக்கு வந்தார். வெளிப்பக்கத்தில் பாட்ரிக் பீட்டர்சனுக்கு எதிர்ப்புறத்தில் ஜஸ்டின் பெத்தேல் நின்றார். சேப்டி வேலையில் ரஷாத் ஜான்சனுடன் டோனி ஜெபர்சனின் பங்கு கூடியது. அந்த மாதத்தில் அணிக்கு வந்த டி.ஜே. ஸ்வேரிங்கரும் பயன்பட்டார்.

இவர்கள் எவரும் திறமை குறைந்தவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் தமக்குரிய ஒரு வேலையை நன்றாகச் செய்யக்கூடியவரே. இருந்தும் ஓர் இடத்தின் வெறுமை பல இடங்களில் மாற்றத்தை உண்டாக்கியதைக் காணலாம்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதன்று. 2023 உலகக் கோப்பையில் ஹர்திக் பாண்டியா கணுக்காலில் காயமடைந்தபின், அடுத்த ஆட்டத்தில் மட்டை வீச்சுக்குச் சூர்யகுமார் யாதவும் பந்து வீச்சுக்கு முகமது ஷமியும் அணிக்குள் வந்தனர். ஷமி வந்த முதல் ஆட்டத்திலேயே ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் ஆறாவது பந்து வீச்சாளர் என்ற வசதி அணிக்கு இல்லாமல் போனது.

உண்மையில் இழந்தது எது?

அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம். அப்படியானால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிபுணரை மாற்றி மாற்றி அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். இரண்டு காரணங்களால் அது போதாது.

முதலாவது, நேரம். தாக்கும் அணி ஆள் மாற்றினால், தற்காக்கும் அணிக்கும் மாற்ற அவகாசம் தர வேண்டும் என்பது விதி. தாக்கும் அணி ஆளை மாற்றாமல் உடனுக்குடன் அடுத்த முயற்சியைத் தொடங்கினால் அந்த அவகாசம் கிடைக்காது. அப்போது களத்தில் இருப்பவர்களே எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். உள்பக்கக் காவலுக்கென வந்தவர், எதிரணி ஓட்ட ஆட்டத்துக்கு மாறும்போதும் அங்கேயேதான் நிற்பார்.

இரண்டாவது, மறைப்பு. குவாட்டர்பேக் பந்தைப் பெறுமுன் எதிரே நிற்பவர்களைப் பார்த்து, அவர்கள் திட்டம் என்ன என்று ஊகிப்பார். எந்த வீரர் உள்ளே வந்திருக்கிறார் என்பதே அவருக்கு ஒரு குறிப்பு. மாத்யூ நின்றால் அந்தக் குறிப்பு கிடைக்காது. அவர் காவல் காக்கலாம், பின்னால் போகலாம், முன்னே பாயலாம். குவாட்டர்பேக்குக்குச் சில விநாடிகளே இருக்கும் ஆட்டத்தில், அந்தத் தயக்கமே தற்காப்புக்கு லாபம். நான்கு பேர் சேர்ந்து அவர் வேலைகளைச் செய்துவிடலாம்; அந்தத் தயக்கத்தை உண்டாக்குவது கடினம்.

எஞ்சிய ஆட்டங்கள்

மாத்யூ இல்லாத முதல் ஆட்டத்தில், டிசம்பர் 27 அன்று, கார்டினல்ஸ் கிரீன் பே பேக்கர்ஸை 38-8 என வென்றது. ஜனவரி 3 அன்று சியாட்டில் சீஹாக்ஸிடம் 6-36 எனத் தோற்றது. 13 வெற்றி, 3 தோல்வியுடன் வழக்கமான பருவம் முடிந்தது.

ஜனவரி 16 அன்று வெளியேற்றச் சுற்றில் மீண்டும் பேக்கர்ஸ். வழக்கமான நேரத்தின் கடைசி முயற்சியில் ஆரோன் ராட்ஜர்ஸ் உயர எறிந்த பந்தை ஜெப் ஜேனிஸ் பிடித்து 41 யார்டு டச் டவுனாக்கினார். ஆட்டம் 20-20 எனச் சமமானது. கூடுதல் நேரத்தில் லேரி பிட்ஸ்ஜெரால்ட் பந்தைப் பிடித்து 75 யார்டு முன்னேறினார். பின்னர் அவரே டச் டவுனும் போட, அணி 26-20 என வென்றது.

ஜனவரி 24 அன்று அடுத்த கட்டத்தில் கரோலினா பாந்தர்ஸிடம் 15-49 எனத் தோற்று அணி வெளியேறியது. இத்தோல்விக்கு மாத்யூ இல்லாததே காரணம் என்று சொல்வது சரியாகாது. அன்று கார்டினல்ஸின் குவாட்டர்பேக் கார்சன் பாமர் எறிந்தவற்றில் நான்கை எதிரணி இடைமறித்தது. தற்காப்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அந்த இழப்பை ஈடுகட்டுவது அரிது. நான்கு ஆட்டங்களில் இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி என்பதிலிருந்து தெரிவது, மாற்று ஏற்பாடு அணியைத் தாங்கியது என்பதே.

முன்னேற்பாட்டின் பங்கு

அந்த ஏற்பாடு டிசம்பரில் மட்டும் உருவானதன்று. 2014இன் முதல் சுற்றுத் தேர்வில் கார்டினல்ஸ் டியோன் புக்கானன் என்ற சேப்டியை எடுத்து, லைன்பேக்கர் இடத்தில் ஆடப் பழக்கியிருந்தது. ஒரு வேலைக்கு ஒரே ஆள் என்ற முறையை அந்த அணி முன்பே தளர்த்தியிருந்தது. வீரர்கள் தம் இடத்தோடு பக்கத்து இடத்தின் கடமையையும் அறிந்திருந்ததால், காயம் நேர்ந்தபோது ஆட்களை நகர்த்துவது இயன்றது.

இதிலிருந்து பொதுவான ஒரு கருத்தைப் பெறலாம். பல்பணி வீரர் இருக்கும் அணி, அவர் செய்யும் வேலைகளின் பட்டியலை அவர் நலமாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் அடுத்த ஆள் யார் என்பதும், எந்த வேலையைத் தற்காலிகமாகக் கைவிடலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். கைவிடுவதும் திட்டத்தின் ஒரு பகுதியே.

பிற்கால வாழ்வு

மாத்யூ 2016இல் களத்துக்குத் திரும்பினார். அந்த ஆகஸ்டில் கார்டினல்ஸ் அவருடன் 5 ஆண்டுகளுக்கு 6.25 கோடி டாலர் மதிப்பிலான ஒப்பந்தம் செய்தது. ஆனால் 2018 மார்ச்சில் அவரை விடுவித்தது. ஹூஸ்டன் டெக்சன்ஸில் ஓராண்டு ஆடியபின் 2019இல் கன்சாஸ் சிட்டி சீப்ஸ் அணியில் சேர்ந்தார். அங்கும் அவர் ஓர் இடத்தில் நிலையாக நிற்கவில்லை. உள்பக்கக் காவலிலும் பின்வரிசையிலும் முன்வரிசையின் அருகிலும் மாறி மாறி ஆடினார். 2020 பிப்ரவரி 2 அன்று அந்த அணி சான் பிரான்சிஸ்கோ அணியை 31-20 என வென்று சூப்பர் பவுல் பட்டத்தைப் பெற்றது. இரு முழங்கால்களிலும் தசைநார் கிழிந்த ஒருவர், அதே பல்பணி ஆட்டத்தால் மீண்டும் உயர்நிலையை அடைந்தார்.