எலுமிச்சைத் தோலின் மணம் எதில் கரையும்?

நாசி கெராபு சாப்பிட்டிருக்கிறீர்களா? கிளந்தானில் பேர்போன அந்தச் சோற்றின் நீல நிறம் சங்குப்பூவிலிருந்து வருகிறது. காய்ந்த சங்குப்பூ இதழ்களை வெந்நீரில் போட்டால் சில நிமிடங்களில் நீர் நீலமாகிவிடும். அதே இதழ்களைத் தேங்காய் எண்ணெயில் போட்டுப் பாருங்கள். மறுநாளும் எண்ணெயில் நீலம் ஏறியிருக்காது.

மஞ்சள் தூள் இதற்கு நேர்மாறு. தண்ணீரில் கலக்கினால் முதலில் மஞ்சளாகத் தெரியும். ஆனால் சற்று நேரத்தில் தூள் அடியில் தங்கி, மேலே உள்ள நீர் வெளிறிவிடும். எண்ணெயிலும் தூள் அடியில் தங்கும். எண்ணெயோ மஞ்சளாகவே இருக்கும்.

காரணம் மூலக்கூறுகளின் குணம். நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சற்றே எதிர்மின்னும் மறுபக்கம் சற்றே நேர்மின்னும் கொண்டது. இப்படிப்பட்டவை முனைவுள்ள மூலக்கூறுகள். சங்குப்பூவின் நிறமியான அந்தோசயனின் நீரோடு எளிதில் பிணைந்துகொள்ளும். மஞ்சளில் உள்ள குர்குமினுக்கு நீர் ஒத்துவராது, எண்ணெய்தான் ஒத்துவரும். இனம் இனத்தோடு சேரும் என்று பாட்டி சொல்வது வேதியியலிலும் பலிக்கிறது.

இரண்டு பக்கமும் உறவாடும் திரவம் ஒன்று இருக்கிறது. அதுதான் எத்தனால், மதுபானங்களில் உள்ள ஆல்கஹால். கை கழுவும் சானிடைசரிலும் பெரும்பாலும் இதுவே இருக்கும். அதன் மூலக்கூறின் ஒரு முனை நீரோடு ஒட்டும். மறுமுனையான கார்பன் சங்கிலி எண்ணெய்ப் பொருள்களோடு சேரும். கேக் செய்ய வாங்கும் வெண்ணிலா சாறு ஆல்கஹாலில் தயாரிக்கப்படுவது இதனால்தான். அமெரிக்கச் சட்டப்படி அந்தச் சாற்றில் குறைந்தது 35 விழுக்காடு ஆல்கஹால் இருக்க வேண்டும்.

இந்தக் குணத்தை இத்தாலியக் குடும்பங்கள் தங்கள் சமையலறையிலேயே பயன்படுத்துகின்றன. தெற்கு இத்தாலியின் சொரென்டோ, அமால்ஃபி கடற்கரை ஊர்களில் லிமொன்செல்லோ என்ற எலுமிச்சை மதுவைப் பல வீடுகளில் தாங்களே செய்வார்கள். கோடையில் விருந்து முடிந்ததும் அதைச் சில்லென்று சிறு கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். (மலேசியாவில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக்கூடாது. நமக்கு வேண்டியது இதன் வேதியியல் மட்டுமே.)

இதற்கு எலுமிச்சையின் சாறு தேவையில்லை, தோல் போதும். அதிலும் மேலே உள்ள மஞ்சள் பகுதியை மட்டும் மெல்லியதாகச் சீவி எடுப்பார்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். தோலில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அவை எண்ணெய்ச் சுரப்பிகள். அந்த எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன் என்ற பொருள். அது நீரில் கரையாது. ஆகவே தோலை ஏறக்குறைய 95 விழுக்காடு ஆல்கஹாலில் பல நாள்கள் ஊறவைப்பார்கள். மெல்ல மெல்ல எண்ணெயும் நிறமும் ஆல்கஹாலுக்கு மாறிவிடும். கடைசியில் தோல் வெளிறி, காகிதம்போல் மொறமொறப்பாகிவிடும்.

வடிகட்டிய பிறகு சர்க்கரைப் பாகு ஊற்றுவார்கள். அதுவரை கண்ணாடிபோல் தெளிவாக இருந்த மஞ்சள் திரவம் பால் கலந்ததுபோல் கலங்கும். ஏன்? பாகில் உள்ள நீரால் ஆல்கஹாலின் செறிவு குறைகிறது. அதுவரை கரைந்திருந்த எண்ணெய்க்கு இப்போது இடமில்லை. அது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. கிரேக்க நாட்டு ஊசோ மதுவில் நீர் ஊற்றும்போதும் இதுவே நடப்பதால், அறிவியலாளர்கள் இதை ஊசோ விளைவு என்கிறார்கள். கலக்காமலே இவ்வளவு நுண்ணிய துளிகள் தாமாக உருவாவது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஊறவைக்கும் திரவத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது கிருமிகளைத் தடுக்க வேண்டும். செறிவான ஆல்கஹாலில் கிருமிகள் வளராததால் தோல் வாரக்கணக்கில் ஊறினாலும் கெடாது. நீருக்கு அந்தத் திறன் இல்லை. சங்குப்பூ நீரைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் குடித்துவிட வேண்டும். கெட்டுப்போனால் பெரும்பாலும் வாடையே காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மையான ஆபத்து எண்ணெயில் இருக்கிறது. பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு மேசைமேல் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. எண்ணெய் காற்றைத் தடுப்பதால் பூண்டு பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இல்லாத இடம்தான் வேண்டும். பூண்டோடு வரும் அதன் விதைநுண்மிகள் கொதிநீரிலும் சாகாது. அறை வெப்பத்தில் அவை முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கும். மூச்சுவிட உதவும் தசைகள்கூட நின்றுபோகலாம். வாடையோ நிறமோ மாறாமலும் இருக்கலாம்.

1985இல் கனடாவின் வான்கூவர் நகரில், ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இந்த நோயால் பாதிக்கப்பட்டார்கள். குளிரில் வைக்காத, எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டுதான் காரணம் என்று கண்டறியப்பட்டது. 1989இல் அமெரிக்காவிலும் இதேபோல் நடந்தது. அதன்பின் இப்படி விற்கப்படும் பூண்டில் அமிலம் சேர்க்க வேண்டும் என்று அங்கே விதித்தார்கள். போதிய அமிலம் இருந்தால் அந்த விதைநுண்மி முளைக்காது.

வீட்டில் செய்த பூண்டு எண்ணெயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து நான்கு நாள்களுக்குள் தீர்த்துவிடுங்கள், மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். கடையில் வாங்கிய போத்தல் என்றால் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பொருள்களின் பட்டியலில் பெரும்பாலும் சிட்ரிக் அமிலம் இருக்கும், எலுமிச்சைச் சாற்றைப் புளிக்க வைக்கும் அதே அமிலம்.