குப்பிக்குள் அடைபட்ட பூதம்

அமெரிக்கக் கவிதை என்றதும் நம்மிற் பலருக்கு வோல்ட் விட்மனே நினைவுக்கு வருவார். கட்டுக்களை அறுத்துக்கொண்டு பாய்ந்த கவிதை அவருடையது. அதே நாட்டில், ஓசை ஒழுங்கையும் எதுகையையும் பெரிதும் போற்றி, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிய றிச்சர்ட் வில்பர் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

1921 இல் நியூயோர்க் நகரிற் பிறந்த வில்பர், 1942 இல் அமெர்ஸ்ட் கல்லூரியிற் பட்டம் பெற்றார். பின்னர் போர் அவரை அழைத்துக்கொண்டது. காலாட்படைப் பிரிவொன்றுடன் இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளின் போர்முனைகளில் இருந்தார். கவிதையை முழுமனதோடு எழுதத் தொடங்கியது அங்கேதான். உலகம் நிலைகுலையும்போது தம்மை ஒழுங்குபடுத்திக்கொள்ளவே மனிதனுக்குக் கவிதை தேவைப்படுகிறது என்பது அவர் தந்த விளக்கம். அவரது வடிவப் பற்றுக்கு இது ஒரு திறவுகோல் என்பது என் எண்ணம்.

முதலாவது தொகுதி 1947 இல் வெளிவந்தது. 1956 இல் வந்த மூன்றாவது தொகுதிக்கு, மறு ஆண்டில் புலிட்சர் பரிசும் தேசிய நூற் பரிசும் கிடைத்தன. அதிலுள்ள புகழ்பெற்ற கவிதை ஒன்றில், விடியற்காலையில் கண்விழிப்பவனுக்குக் கொடியிற் காயும் உடைகள் தேவதூதர்களாகத் தோன்றுகின்றன. எளிய காட்சிதான், ஆனால் ஆன்மா இந்த உலகத்தை ஏற்றுக்கொள்ளும் கணம் அதில் நிகழ்கிறது.

பின்னர் காற்றுத் திசைமாறியது. அதே 1956 இல் அலன் கின்ஸ்பேர்க்கின் ஓலம் எழுந்தது. 1959 இல் ரொபேர்ட் லோவல் தமது குடும்பத் துயரங்களையும் மனநோயையும் வெளிப்படையாக எழுதினார். தன்னைத் திறந்துகாட்டும் கவிதையே உண்மையான கவிதை என்ற எண்ணம் வலுத்தது. வில்பர் அழகாக எழுதுகிறார், ஆனால் ஆபத்தான எல்லைக்குப் போகத் துணிவதில்லை என்ற குறையை றண்டல் ஜரல் என்ற விமர்சகர் முன்னரே கூறியிருந்தார். அது இப்போது பரவலாக ஒலித்தது.

வில்பர் மாறவில்லை. குப்பிக்குள் அடைபட்டிருப்பதாலேயே பூதத்துக்கு வலிமை என்பது அவர் கட்சி. ஆனால், வடிவத்தை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு அவர் எழுத அமர்வதில்லை. சொல்ல வந்த பொருள் வரிவரியாக வளரும்போது தனக்கேற்ற அடியளவையும் எதுகையையும் தேடிக்கொள்ளும் என்றார்.

மொழிபெயர்ப்பிலும் இந்தத் திறன் துணைநின்றது. பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேரின் நாடகங்களை எதுகை ஈரடிகளாகவே ஆங்கிலத்திற் தந்தார். முதலாவது, 1955 இல் வெளிவந்த 'மனித வெறுப்பாளன்'. அவை மேடையில் இயல்பாகப் பேசக்கூடியவையாக அமைந்தன. 1987 இல் றொபேர்ட் பென் வாரனை அடுத்து அமெரிக்காவின் ஆஸ்தான கவிஞரானார். 1989 இல் இரண்டாவது முறையாகப் புலிட்சர் பரிசு பெற்றார். இரண்டு பரிசுகளுக்கும் இடையே 32 ஆண்டுகள்! 2010 இலும் ஒரு தொகுதி தந்த அவர், 2017 இல் தமது 96 ஆவது வயதிற் காலமானார்.

ஆரம்பத்தில் நானும் இவரை வெறும் சொற்சிற்பி என்றே எண்ணினேன். என் எண்ணத்தை மாற்றியது, 1976 ஆம் ஆண்டுத் தொகுதியிலுள்ள 'எழுத்தாளர்' என்ற கவிதை. மகள் அறைக்குள் கதை ஒன்றைத் தட்டச்சுச் செய்கிறாள். படியில் நின்று கேட்கும் தந்தைக்கு, முன்பொருநாள் அதே அறையில் அகப்பட்டு, யன்னலில் மோதி மோதிக் காயமுற்று, ஈற்றில் வெளியே பறந்த பறவை நினைவுக்கு வருகிறது. மகளுக்காகத் தாம் அஞ்சுவதை அவர் உரக்கச் சொல்லவில்லை. ஆயினும் அந்த அச்சம் நம்மை வந்து தொடுகிறது. அடக்கம் என்பது உணர்ச்சி வறுமையன்று என்பதை நான் அங்கே கண்டேன்.

வாய்ப்புக் கிடைக்குமாயின் இந்த ஒரு கவிதையையாவது தேடிப் படித்துப் பாருங்கள்.