அடுப்படியில் ஒரு ஜெபம்

எங்கள் ஊர் நெல்லைச் சீமையில், நாசரேத்துக்குப் பக்கம். ராத்திரி எட்டு மணி அடித்தால் குடும்ப ஜெபம். பாய் விரித்து உட்காருவோம். ஒரு கீர்த்தனை, வேதத்தில் ஒரு அதிகாரம், பிறகு எல்லோரும் முழங்காலில் நிற்க, தாத்தா ஜெபிப்பார். நாட்டை ஆளுகிறவர்களில் தொடங்கி, மிஷனரிமார், சேகரத்துப் பாதிரியார், விதவைகள், திக்கற்ற பிள்ளைகள் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவார். அதற்குள் சின்னப் பிள்ளைகள் பாதிப் பேர் முழங்காலிலேயே தூங்கியிருப்போம். 'ஆமென்' சத்தம்தான் எழுப்பிவிடும்.

ஆச்சியின் ஜெபத்துக்கு நேரங்காலம் கிடையாது. அரிசி களைந்துகொண்டே, "ஆண்டவரே, சின்னவனுக்கு மூணு நாளா காச்சல் விடல. நீரு பாத்துக்கிட்டு சும்மாதான இருக்கீரு" என்பாள். குரல் உயராது, கண் மூடாது. உலை கொதித்தால் பேச்சை நிறுத்தி அரிசியைப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

தமிழ் வேதாகமம் கடவுளை 'நீர்' என்று கூப்பிடுகிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது புத்தகத் தமிழ். நெல்லைச் சீமையில் அது வீதித் தமிழ். "நீரு என்னவே சொல்லுதீரு?" என்று தாத்தா வெற்றிலைக் கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பதும் அதே 'நீர்' போட்டுத்தான். மரியாதை குறையாமல் சண்டை போட வசதியான சொல். ஆச்சி அதை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டாள்.

பிற்பாடு சகோதரர் லாரன்ஸ் பற்றிப் படித்தபோது ஆச்சி ஞாபகம்தான் வந்தது. பிரான்சின் லொரேன் பகுதியில் பிறந்தவர். இயற்பெயர் நிக்கோலா ஹெர்மன். முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காயம்பட்டுக் கால் ஊனமானது. 1640-ல் பாரிஸில் கார்மேல் சபை மடம் ஒன்றில் சேர்ந்தார். குருப்பட்டம் பெறாத சகோதரர் என்பதால் சமையல்கட்டு வேலை கொடுத்தார்கள். அவருக்குச் சமையல் என்றாலே ஆகாது. ஆனாலும் சுமார் 15 வருடம் அங்கேதான் கிடந்தார். ஒருமுறை மடத்துக்குத் திராட்சை மது வாங்க பர்கண்டிக்கு அனுப்பினார்கள். வியாபாரம் தெரியாது, காலும் சரியில்லை. படகில் பீப்பாய்களின் மேல் உருண்டுதான் நகர முடிந்தது. 'இது உம்முடைய காரியம்' என்று கடவுளிடம் பொறுப்பை விட்டுவிட்டுப் போனாராம். காரியம் நல்லபடியாகவே முடிந்தது. 1691-ல் அவர் இறந்த பிறகு, கடிதங்களையும் உரையாடல்களையும் ஜோசப் தெ பொஃபோர் என்ற குருவானவர் தொகுத்து வெளியிட்டார். ஜெப நேரமும் வேலை நேரமும் தனக்கு ஒன்றுதான் என்பது அதில் லாரன்ஸ் சொல்கிற சாரம்.

இதைக் காட்டி, 'அப்படியானால் தனியாக உட்கார்ந்து ஜெபிக்க வேண்டாமே' என்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சோம்பலுக்கு நல்ல சாக்கு! மடத்தில் குறித்த ஜெப வேளைகளை லாரன்ஸ் விட்டதில்லை. முதல் பத்து வருடம் தான் பட்ட பாட்டையும் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பத்து வருடத்தை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

ஆச்சியின் அடுப்படி ஜெபத்துக்குப் பின்னாலும் குறித்த நேர ஜெபம் ஒன்று இருந்தது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவள். தாத்தாவின் எட்டு மணி வாசிப்பில் காதில் விழுந்து விழுந்தே சங்கீதங்கள் அவளுக்குப் பாடமாகிவிட்டன. சங்கீதம் மொத்தம் 150. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கின்படி, துறவிகள் வாரத்துக்குள் அத்தனையும் சொல்லி முடிக்க வேண்டும். தினமும் அதைச் சொல்கிறவர் வாயில் துதி மட்டுமா வரும்? 13-ஆம் சங்கீதம் எடுத்த எடுப்பில் 'எதுவரைக்கும்' என்று நான்கு தடவை கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரியிலும் ஆறுதலுக்கு வருவதில்லை, இருட்டிலேயே முடிகிறது. ஆச்சி அரிசி களைந்துகொண்டே போட்ட சண்டைக்கு வேதத்திலேயே இடம் இருந்தது. கோபத்தை ஒளித்து வைத்துக்கொண்டு மனிதரிடமே நெருங்க முடிவதில்லையே, கடவுளிடம் எப்படி?

சென்னைக்கு வந்தபின் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பதென்று தீர்மானம் போட்டேன். ஐந்து நாள் தாங்கியது. ஆறாம் நாள் தூங்கிவிட்டேன்; ஏழாம் நாள் வெட்கத்தில் ஜெபிக்கவே இல்லை. இப்போது ராத்திரி எட்டு மணிக்குப் பத்து நிமிடம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருகிறேன். சில நாள் ஒரு வார்த்தையும் வராது. மனசு அலுவலகத்துக்குப் போகும், மின்கட்டணத்துக்குப் போகும். போன இடத்தையே ஜெபமாக்கிவிடலாம் என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில வருடம் பிடித்தது.

தொடங்க நினைக்கிறவர்கள் இன்றைக்கே ஐந்து நிமிடத்தோடு தொடங்குங்கள். நல்ல தமிழ் தேட வேண்டாம். காலையிலிருந்து அரித்துக்கொண்டிருக்கிற அந்த ஒரு காரியத்தை வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்லுங்கள். நாளைக்கும் அதே நேரத்துக்கு உட்காருங்கள்.