‘கொட்டன் கிளப்’ திரைப்படத்தின் இரு பாடங்கள் – ஓர் ஒப்புநோக்கு

1

ஒரு நூலின் வெவ்வேறு பாடங்களை ஒப்பிட்டு ஆராய்தல் தமிழாராய்ச்சியாளருக்குப் பழக்கமான முறையாகும். ஏட்டுப் பிரதிகளிற் காணப்படும் பாடபேதங்கள் யாவும் பெயர்த்தெழுதியோரின் கைப்பிழையால் நேர்ந்தவை அல்ல. எழுதுவித்தோரின் சமயச் சார்பும் சமூக நிலையும் அவற்றுட் சிலவற்றைத் தோற்றுவித்துள்ளன. திரைப்படமும் இத்தகைய ஆய்வுக்கு இடந்தருவதே. ஒரே படம் படமாளிகையில் ஒரு வடிவிலும், பல்லாண்டு கழித்து வீட்டிற் பார்ப்பதற்கான இறுவட்டில் வேறொரு வடிவிலும் கிடைக்கும்போது, எவை விடப்பட்டன, எவை சேர்க்கப்பட்டன, அவற்றைத் தீர்மானித்தோர் யாவர் என்னும் வினாக்கள் எழுகின்றன. இவற்றை வெறுமனே சுவை பற்றிய வினாக்களாகக் கொள்ளுதல் போதாது. அவை உடைமை பற்றிய வினாக்களுமாகும்.

பிரான்சிஸ் போர்ட் கொப்போலா நெறிப்படுத்திய ‘கொட்டன் கிளப்’ 1984 டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் வெளியாயிற்று. அப்பாடம் ஏறத்தாழ 127 நிமிடங்கள் ஓடுவது. அவரே திருத்தித் தொகுத்த ‘கொட்டன் கிளப் என்கோர்’ 2017 செப்டெம்பரில் தெலுரைட் திரைப்பட விழாவிலும் 2019 ஒக்டோபரில் நியூயோர்க் திரைப்பட விழாவிலும் காட்டப்பட்டு, அதே ஆண்டு டிசெம்பரில் இறுவட்டாக வெளிவந்தது. இதன் நீளம் 139 நிமிடங்கள். ‘என்கோர்’ என்பது ஆடியும் பாடியும் முடித்த கலைஞரை ‘இன்னொரு முறை’ என்று அவையோர் வேண்டும் குரலாகும். இவ்விரு பாடங்களுக்குமிடையிலான வேறுபாடு 12 நிமிட வேறுபாடு மட்டுமன்று. கதை யாருடையது என்பது பற்றிய வேறுபாடு என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முற்படுவதாகும்.

2

படத்துக்குப் பெயர்தந்த களியாட்ட விடுதியின் வரலாற்றை முதலில் நோக்குதல் வேண்டும். நியூயோர்க் நகரின் ஹார்லம் பகுதியில், லெனொக்ஸ் அவெனியூவும் 142ஆம் வீதியும் சந்திக்கும் இடத்தில் அது அமைந்திருந்தது. 1920 முதல் 1933 வரை அந்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் நிலவியது. சட்டவிரோத மதுவணிகத்தில் ஈடுபட்டிருந்த ஓவ்னி மாடன் 1923இல் இவ்விடுதியைக் கைப்பற்றினான். அவனது பானத்தை வசதிபடைத்தோருக்கு விற்பதற்கு அது வாய்ப்பான இடமாயிற்று.

இவ்விடுதியின் நடைமுறை மனங்கொள்ளத்தக்கது. மேடையில் ஆடியோரும் பாடியோரும் இசைத்தோரும் கறுப்பினத்தவர். மேசைகளைச் சூழ அமர்ந்து பார்த்தோர் வெள்ளையர். கறுப்பின மக்கள் பெருந்தொகையாக வாழ்ந்த ஹார்லத்திலேயே அவர்கள் பார்வையாளராக நுழைதல் தடுக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் ஏற்பட்ட சிறு தளர்வுகள் இப்பொதுநிலையை மாற்றவில்லை. அடிமைமுறைக் காலத்துத் தோட்டத்தையும் ஆபிரிக்கக் காட்டையும் நினைவூட்டும் வகையில் விடுதி அலங்கரிக்கப்பட்டிருந்தது. நடனக்குழுப் பெண்கள் உயரமும் வெளிறிய நிறமும் உடையோராய், 21 வயதுக்குட்பட்டோராய் இருத்தல் வேண்டுமென எதிர்பார்க்கப்பட்டது. ஹார்லத்தில் வாழ்ந்த கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், 1940இல் வெளியான தமது தன்வரலாற்று நூலில், இது வன்முறைக் கும்பல்களுக்கும் செல்வந்த வெள்ளையருக்குமான இன ஒதுக்கல் விடுதி எனக் கண்டித்துள்ளார்.

எனினும் இதே மேடையில் டியூக் எலிங்டன் 1927 முதல் 1931 வரை தம் இசைக்குழுவை நடத்தினார். அங்கிருந்து செய்யப்பட்ட வானொலி ஒலிபரப்புகள் அவரை நாடெங்கும் அறியச்செய்தன. நிலையான வேலையும் புதிய நிகழ்ச்சிகளுக்கு இசையமைக்கும் கட்டாயமும் அவரது கலை வளர்வதற்கு வாய்ப்பளித்தன. அவரைத் தொடர்ந்து காப் கலோவே வந்தார். எதெல் வோட்டர்ஸ் 1933இல் ‘ஸ்ரோமி வெதர்’ பாடலைப் பாடியதும் இங்குதான். சுரண்டல் நிகழ்ந்த களமே கலை வளர்ந்த களமுமாக இருந்தது. இம்முரண்பாட்டின் ஒரு பக்கத்தை மட்டும் காண்போர் விடுதியைப் போற்றுவர். மறுபக்கத்தை மட்டும் காண்போர் அதிற் பிறந்த கலையையே ஒதுக்கிவிடுவர். இரண்டும் வரலாற்றுக்குப் பொருந்தா.

3

இப்படத்துக்கு மூலமாக அமைந்தது, கறுப்பின எழுத்தாளரான ஜிம் ஹஸ்கின்ஸ் 1977இல் வெளியிட்ட விடுதி வரலாற்று நூலாகும். அதன் உரிமையைப் பெற்ற தயாரிப்பாளர் றொபேட் எவன்ஸ் லாஸ் வேகாஸ் நகரச் சூதாட்ட விடுதி உரிமையாளரிடமிருந்து முதலீடு பெற்றார். நாவலாசிரியர் வில்லியம் கெனடியும் கொப்போலாவும் திரைக்கதையை எழுதினர். செலவு 4 கோடி 70 இலட்சம் டொலர் முதல் 5 கோடி 80 இலட்சம் டொலர் வரை எனப் பல்வேறாகக் கூறப்படுகிறது. அமெரிக்காவிற் கிடைத்த வசூலோ ஏறத்தாழ 2 கோடி 60 இலட்சம் டொலர் மட்டுமே. மதுவணிகரின் பணத்தால் நடந்த விடுதியைப் பற்றிய படம் சூதாட்ட விடுதியிற் குவிந்த பணத்தால் உருவானமை தற்செயலாயினும் பொருளற்றதன்று.

இவ்வளவு பெருந்தொகையை முதலிட்டோர் அதனை மீட்டுத் தரவல்ல நட்சத்திரத்தை வேண்டுவது இயல்பே. றிச்சேட் கியர் அவ்வகையில் மையப் பாத்திரமானார். ஆயின், கொட்டன் கிளப்பின் இசைக்குழு கறுப்பினத்தவருடையது. வெள்ளையின இசைஞன் ஒருவனை அதன் வரலாற்றினுட் புகுத்துவது எவ்வாறு? டிக்ஸி என்னும் கோர்னெற் வாத்தியக்காரன் தற்செயலாக டச் ஷுல்ட்ஸ் என்னும் கும்பல் தலைவனின் உயிரைக் காத்து அவனது பிடிக்குள் அகப்படுகிறான். அவனது காதலிமீது தானும் காதல் கொள்கிறான். பின்னர் திரைப்பட நடிகனாகிறான். இக்கதையோட்டம் விடுதியின் வரலாற்றிலிருந்து பிறந்ததன்று. முதலீட்டின் தேவையிலிருந்து பிறந்தது.

இதற்கு இணையாக ஓடுவது இரு கறுப்பின ஆடற்கலைஞரின் கதை. உலோகத் தகடு பொருத்திய சப்பாத்துகளால் தரையைத் தட்டித் தாளமெழுப்பும் ‘டாப்’ நடனத்தில் வல்ல வில்லியம்ஸ் சகோதரராக கிரகறி ஹைன்ஸும் மொறிஸ் ஹைன்ஸும் நடித்தனர். மெய்வாழ்விலும் சகோதரரான இவர்கள் சிறுவயது முதல் இணைந்து ஆடியவர்கள்; இவர்களுடைய பாட்டி ஓரா ஹைன்ஸ் அதே விடுதியில் ஆடியவர். வெளிறிய நிறமுடைய லைலா என்னும் பாடகியை (லொனெற் மக்கீ) சகோதரருள் ஒருவன் விரும்புகிறான். அவளோ வெள்ளைப் பெண்ணாகத் தன்னைக் காட்டிக்கொண்டு வேறோர் அரங்கிற் பாட முற்படுகிறாள். நிறத்தைத் தகுதியாக்கிய சமூகத்தின் கொடுமையை இப்பாத்திரம் வாயிலாகவே படம் நேராக எதிர்கொள்கிறது.

படம் மிக நீளமானது, கறுப்பினத்தவரின் கதைகள் மிகையாகவுள்ளன, டாப் நடனமும் பாடல்களும் மிகையாகவுள்ளன எனத் தம்மிடம் கூறப்பட்டதாகக் கொப்போலா பின்னாளிற் கூறியுள்ளார். அதன் விளைவே 1984ஆம் ஆண்டுப் பாடம். பல்லாண்டு காலம் வீடியோ நாடாக்கள் வாயிலாகவும் பரவியது அதுவே.

4

இரு பாடங்களையும் அடுத்தடுத்துப் பார்க்குமிடத்துப் புலப்படுவன மூன்று.

முதலாவது, கதையின் நிறை இடம்பெயர்ந்துள்ளது. திருத்திய பாடத்தில் வன்முறைக் கும்பல் பற்றிய காட்சிகள் சில நீக்கப்பட்டுள்ளன. ஆகவே சேர்க்கப்பட்டவை 12 நிமிடத்துக்கும் அதிகமானவை. முந்திய பாடத்தில் வில்லியம்ஸ் சகோதரர் ஆடுவதற்காக மட்டும் தோன்றி மறைவோர் போலத் தென்படுவர். பிந்திய பாடத்தில் அவர்களுக்குக் குடும்பமும், தொழிற் போட்டியும், பிரிவும், காதலும் உண்டு.

இரண்டாவது, பாடலின் தன்மை மாறியுள்ளது. இசைப்படத்தில் ஒரு பாடல் இரு வகையாகப் பயன்படலாம். அதைத் துண்டாடி இடையிடையே வேறு நிகழ்ச்சிகளைக் காட்டினால் அது பின்னணி அலங்காரமாகிறது. தொடக்கம் முதல் முடிவு வரை குலையாது காட்டினால் அதுவே நிகழ்ச்சியாகிறது. பாடுபவரின் பயிற்சியும் மூச்சும் களைப்பும் நம் கண்முன் காலமாக விரிகின்றன. திருத்திய பாடத்தில் மீட்கப்பட்டவற்றுள் தலையாயது லைலா பாடும் ‘ஸ்ரோமி வெதர்’. வெள்ளைப் பெண்ணாக வேடம்பூண முனைந்த ஒருத்தி, கறுப்பினப் பாடகி ஒருத்தியின் குரலிற் புகழ்பெற்ற அப்பாடலை முழுமையாகப் பாடுவதைக் காணும்போதுதான் அவள் எதைக் கைவிட நேர்ந்தது என்பது விளங்குகிறது. முந்திய பாடத்தில் அப்பாடல் இன்மையால் அவள் துணைப்பாத்திரமாகச் சுருங்கினாள்.

மூன்றாவது, இரு பாடங்களிலும் உள்ள ஒரு காட்சியே வெவ்வேறு பொருள்தருகிறது. இறுதிப் பகுதியில் கிரகறி ஹைன்ஸ் தனித்து ஆடும் நடனமும் ஷுல்ட்ஸ் கொல்லப்படுதலும் மாறிமாறிக் காட்டப்படுகின்றன. சப்பாத்தின் தட்டொலியும் துப்பாக்கி வெடியொலியும் ஒன்றோடொன்று பின்னுகின்றன. 1984ஆம் ஆண்டுப் பாடத்திற் கொலையே நிகழ்ச்சி. நடனம் அதற்குத் தாளம். ஆடுபவனின் வாழ்க்கையை அறிந்த பின் அதே காட்சியைப் பார்க்கும்போது, நடனம் கும்பலின் காலம் முடிந்ததை அறிவிக்கும் குரலாக ஒலிக்கிறது. தொகுப்பு என்பது பொருள்களை ஒட்டும் வேலையன்று. பொருளை உற்பத்தி செய்யும் வேலை என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

இவை கொண்டு நோக்குமிடத்து, 1984ஆம் ஆண்டுத் தொகுப்பு விடுதியின் விதியையே மீளச்செய்தது எனலாம். கறுப்பினத்தவர் மேடையில் ஆடலாம், ஆனால் கதையினுள் குடிபுக இயலாது என்பதே அது. விடுதி வாயிலில் மாடனின் ஆட்கள் செய்ததைத் தொகுப்பு மேசையில் வசூற் கணக்கு செய்தது. இனவெறுப்புக் கொண்ட தனிமனிதர் இதற்கு இன்றியமையாதோர் அல்லர். சந்தை பற்றிய ‘நடைமுறை அறிவு’ ஒன்றே போதுமாயிற்று. மரபு என்பது ஆதிக்கமுள்ளோரால் தெரிந்தெடுக்கப்படுவது என றேமண்ட் வில்லியம்ஸ் விளக்கியது இங்கும் பொருந்துகின்றது.

5

அவ்வாறாயின் திருத்திய பாடம் இவ்வநீதியை முற்றாகத் துடைத்துவிட்டதா? அவ்வாறு கொள்வதற்கில்லை. தம்மிடமிருந்த பழைய பேட்டாமக்ஸ் நாடாவில் படத்தின் நீண்ட வடிவைப் பார்த்த பின்னரே கொப்போலா இம்முயற்சியில் இறங்கினார். ஏறத்தாழ 5 இலட்சம் டொலரைத் தம் சொந்தப் பணத்திலிருந்து செலவிட்டார். மீட்பு நிகழ்ந்தமைக்குக் காரணம், புகழும் பொருளும் உடைய ஒருவர் அதனை விரும்பியமையே. நீக்கப்பட்ட காட்சிகளில் உழைத்த ஆடற்கலைஞருக்கு அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை ஒருபோதும் இருக்கவில்லை. கிரகறி ஹைன்ஸ் 2003இல் இறந்துவிட்டார். தமது நடிப்பு மீட்கப்பட்டதை அவர் காணவில்லை.

மேலும், ‘நெறியாளரின் பாடம்’ என்பது இன்று ஒரு விற்பனைப் பண்டமாகும். கொப்போலாவே தம் வேறு படங்கள் சிலவற்றையும் திருத்தி வெளியிட்டுள்ளார். ஒரே படத்தை இருமுறை விற்பதற்கு இது வழிசெய்கிறது. கூட்டுழைப்பின் விளைவான திரைப்படத்தைத் தனியொரு மேதையின் ஆக்கமாகக் காட்டும் கருத்துநிலையையும் இது வலுப்படுத்துகிறது.

படத்தின் எல்லையும் மாறவில்லை. 1935 மார்ச்சில் ஹார்லத்தில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கடையொன்றிற் பிடிபட்ட சிறுவன் அடித்துக் கொல்லப்பட்டான் என்ற வதந்தி அதன் உடனடிக் காரணம். வேலையின்மையும், தாம் பொருள் வாங்கும் கடைகளிலேயே தமக்கு வேலை மறுக்கப்பட்டமையும் ஆழ்ந்த காரணங்கள். அதன் பின்னர் வெள்ளைப் பார்வையாளர் ஹார்லத்துக்கு வர அஞ்சினர். 1936இல் விடுதி அங்கு மூடப்பட்டு பிராட்வேக்குப் பெயர்ந்து, 1940இல் முற்றாக மறைந்தது. விடுதியின் முடிவுக்குக் கும்பற்சண்டையிலும் மேலான காரணமாயிருந்த ஹார்லத்து உழைக்கும் மக்கள் இரு பாடங்களின் மையத்திலும் இல்லை. மேடையிலிருந்து இல்லம்வரை சென்ற படம் வீதிவரை செல்லவில்லை.

ஆயினும் கிடைத்ததைச் சிறிதென ஒதுக்குதல் தகாது. கலைஞரை அலங்காரமாகக் காண்பதற்கும் மனிதராகக் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு பாடங்களும் ஒருங்கே நம்முன் வைக்கின்றன. பிந்தியதை மட்டும் பார்ப்போர் நல்லதோர் இசைப்படத்தைப் பார்ப்பர். இரண்டையும் ஒப்பிடுவோர் அது எவ்வாறு மறுக்கப்பட்டது என்பதையும் அறிவர். திரைப்பட ஆய்வில் ஈடுபடுவோர், தாம் ஆராய்வது எப்பாடம், அதனைத் தீர்மானித்தோர் யாவர் என்பதை முதலிற் கூறுதல் வேண்டும். பதிப்பாராய்ச்சியில் நாம் இன்றியமையாததெனக் கொள்ளும் இவ்வொழுங்கு, திரைப்பட விமரிசனத்திலும் நிலைபெறுதல் அவசியமாகும்.